பாக்கிர்ரி: ஒரு காளைச்சண்டைக் குடும்பமும் ஒரு தொடைக் காயமும்

கொஞ்சம் நீளமான இழை. வரலாறும் மருத்துவமும் கலந்து வரும். ரத்தம், காயம் பற்றிப் படிக்க முடியாதவங்க இங்கேயே நிறுத்திக்கலாம், தப்பில்லை.

1984 செப்டம்பர் 26. தெற்கு ஸ்பெயினில் கோர்தோபா மாகாணம். போசோபிளாங்கோ என்ற சின்ன ஊர். ஊர்த் திருவிழா, சாயங்காலம் காளைச்சண்டை. அரங்கத்தை ஒட்டியிருந்த மருத்துவ அறைக்குள் அரசுத் தொலைக்காட்சியின் கேமராவும் நுழைந்துவிட்டது. மேசை மேல் 36 வயது ஆள் ஒருத்தர் கிடக்கிறார். வலது தொடை கிழிந்திருக்கு. அறை முழுக்க ஆட்கள், கூச்சல். பதறாம இருக்கிற ஒரே ஆள் அந்த மேசையில் கிடக்கிறவர்தான்.

அவர் டாக்டரைக் கூப்பிட்டுப் பேசுறார். காயம் பலமானது. உள்ளே குறைஞ்சது ரெண்டு பாதையில் போயிருக்கு. ஒண்ணு இந்தப் பக்கம், இன்னொண்ணு அந்தப் பக்கம். திறக்க வேண்டியதையெல்லாம் திறங்க, மற்றது உங்க கையில். கடைசியா, டாக்டர், நீங்க பதற்றப்படாதீங்க. இதுதான் அவர் சொன்னதன் சாரம்.

அன்று இரவே அவர் இறந்துபோனார்.

பெயர் பிரான்சிஸ்கோ ரிவேரா பெரெஸ். ஸ்பெயின் முழுக்க அவரைத் தெரிந்தது பாக்கிர்ரி என்ற பெயரில். இந்த வீடியோவைப் பார்த்தவங்க எல்லாரும் அவர் தைரியத்தைப் பற்றித்தான் பேசுவாங்க. எனக்கு வேற ஒண்ணு உறைத்தது. அவர் சொன்னது ஒரு நோயாளியின் புலம்பல் இல்லை. ஒரு சர்ஜன் இன்னொரு சர்ஜனுக்குக் கேஸை ஒப்படைக்கும்போது சொல்ற குறிப்பு மாதிரி இருக்கு. காயத்தின் தன்மை, பாதைகளின் எண்ணிக்கை, திசை, செய்ய வேண்டிய சிகிச்சை எல்லாம் அதில் இருக்கு. மருத்துவக் கல்லூரி வாசலைக்கூட மிதிக்காத ஒருத்தருக்கு இதெல்லாம் எங்கிருந்து வந்தது?

குடும்பத்திலிருந்து வந்தது. அந்தக் கதையைத்தான் சொல்லப்போறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாச் சொல்லிடறேன். எனக்கு இந்த விளையாட்டு பிடிக்காது. மாடு சாகணும்னே நடத்துற நிகழ்ச்சி அது. மூணு மேட்டடார்கள், ஆறு மாடுகள், ஆளுக்கு ரெண்டு. குதிரை மேல் வர்ற பிக்காதோர் ஈட்டியால் மாட்டின் பிடரித் தசையைக் குத்துவார். அடுத்து பந்தெரில்லா என்கிற அலங்காரக் குச்சிகளை அதே இடத்தில் செருகுவாங்க. கடைசியா மேட்டடார் சிவப்புத் துணியோடு தனியா ஆடி, வாளால் கொல்லுவார். ஒரு மாட்டுக்குச் சுமார் 20 நிமிஷம். இதைக் கலை என்று சொல்ற ஸ்பானியர்கள் உண்டு, கொடுமை என்று சொல்ற ஸ்பானியர்களும் உண்டு. இந்த இழை அந்த வழக்கைத் தீர்க்க வரவில்லை.

பாக்கிர்ரி பிறந்தது 1948 மார்ச் 5, காதிஸ் மாகாணத்தின் கடற்கரையில் ஸஹாரா தே லோஸ் அதூனெஸ் என்ற கிராமத்தில். அதூனெஸ் என்றால் சூரை மீன். ஊர்ப் பெயரிலேயே மீன் இருக்கு. வளர்ந்தது பக்கத்திலிருந்த மீன்பிடி ஊரான பார்பாத்தேயில். அப்பா அந்தோனியோ ரிவேரா இளம் வயதில் காளைச்சண்டையில் இறங்கியவர், ஆனால் பெரிய ஆளாக வரவில்லை. பிறகு பார்பாத்தே மாட்டுக் கொட்டடியில், அதாவது இறைச்சிக்கூடத்தில் வேலை. அப்பா பாதியில் விட்ட ஆசை பையன்களுக்கு இறங்கியது. அண்ணன் ஹோசே, ரிவெரீத்தா என்ற பெயரில் மேட்டடார் ஆனார். தம்பி பாக்கிர்ரி.

மேட்டடார் ஆவதற்கு ஒரு சடங்கு இருக்கு. அல்தெர்நாத்தீவா என்பாங்க. மூத்த மேட்டடார் ஒருத்தர் ஞானத்தந்தை மாதிரி நின்று, தன் வாளையும் சிவப்புத் துணியையும் இளையவர் கையில் கொடுத்து, தன் மாட்டையும் அவருக்கு விட்டுக்கொடுப்பார். பாக்கிர்ரிக்கு இது 1966 ஜூலையில் பார்சலோனாவில் நடக்க இருந்தது. அன்றைக்கே மாடு குத்திவிட்டது, சடங்கு முடியவில்லை. ஆகஸ்டில் அதே ஊரில் திரும்ப நடத்தி முடித்தாங்க. அந்த முறை ஞானத்தந்தை பாக்கோ கமீனோ. இந்தப் பெயரை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னால் திரும்ப வரும்.

பட்டம் வாங்கப் போன இடத்திலேயே காயம். 18 வயசு. அடுத்த மாசம் திரும்பி வந்து நிற்கிறார். அவங்க உலகத்தில் இதை யாரும் அபசகுனமா எடுத்துக்கலை. தொழிலில் சேர்ந்தாச்சு என்பதற்கான முத்திரை மாதிரிதான் பார்த்தாங்க.

அடுத்த 18 வருஷம் அவர் முன்வரிசையில் இருந்தார். நளினம், கவிதை என்று ரசிகர்கள் உருகும் வகை இல்லை. உடற்கட்டு, வேகம், சலிக்காத உழைப்பு. பந்தெரில்லா குச்சிகளைப் பெரும்பாலான மேட்டடார்கள் உதவியாளர்களிடம் விட்டுடுவாங்க. இவர் தானே ஓடிப்போய்ச் செருகுவார். ஒரு தடகள வீரரின் உடம்பு அவருக்கு. 1979 மே மாசம் மாட்ரிட்டின் லாஸ் வெந்தாஸ் அரங்கில், ஸ்பெயினிலேயே கறாரான பார்வையாளர்கள் முன்னால், புவெனாசுவெர்த்தே என்ற மாட்டோடு அவர் ஆடிய ஆட்டத்தை இன்னும் பேசுறாங்க. அந்தப் பெயருக்கு நல்ல அதிர்ஷ்டம் என்று அர்த்தம்.

இப்போ கல்யாணத்துக்கு வருவோம். ஏன்னா இங்கேதான் ஒரு மீன்பிடி ஊர்க் குடும்பம், காளைச்சண்டையின் ராஜ வம்சத்தோடு சம்பந்தம் பண்ணுது.

1973இல் பாக்கிர்ரி கட்டிக்கொண்டது கார்மென் ஓர்தோன்யெஸை. பெண்ணின் அப்பா அந்தோனியோ ஓர்தோன்யெஸ், 20ஆம் நூற்றாண்டின் மிகப் பெரிய மேட்டடார்களில் ஒருத்தர். தாத்தா கயேத்தானோ ஓர்தோன்யெஸ், ரோந்தா ஊர்க்காரர். 1926இல் வந்த ஹெமிங்வேயின் முதல் பெரிய நாவலில் வரும் இளம் மேட்டடார் பாத்திரத்துக்கு மாதிரியே இவர்தான். அவருக்கு ஐந்து மகன்கள், ஐந்து பேருமே காளைச்சண்டைக்குப் போனவங்க. கார்மெனின் அம்மா வழி இன்னொரு வம்சம். மாமா லூயிஸ் மிகேல் தொமிங்கீன். 1959 கோடையில் மாமாவும் மச்சானுமான தொமிங்கீனும் ஓர்தோன்யெஸும் ஊர் ஊராகப் போட்டி போட்டுக்கொண்டு ஆட, அதைப் பின்தொடர்ந்து போய் எழுதியவரும் ஹெமிங்வேதான். பாடகர் மிகேல் போசே தெரியுமா? தொமிங்கீனின் மகன்.

இந்தக் குடும்ப மரத்தில் எந்தக் கிளையைத் தொட்டாலும் ஒரு காயம் இருக்கும். 1947 ஆகஸ்டில் லினாரெஸ் ஊரில், அன்றைய ஸ்பெயினின் தெய்வமா இருந்த மனோலேத்தேயை இஸ்லேரோ என்ற மாடு தொடையின் மேல்பகுதியில் குத்தியபோது, அதே நிகழ்ச்சியில் ஆடிக்கொண்டிருந்த இன்னொருத்தர் இதே தொமிங்கீன். மனோலேத்தே மறுநாள் விடியுமுன் இறந்தார். காரணம் ரத்த இழப்பு. அவருக்கு ஏற்றிய பிளாஸ்மா சரியானதா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

ஏன் எப்பவும் தொடை?

உயரம்தான் காரணம். தலையைத் தாழ்த்தி ஓடி வரும் மாட்டின் கொம்பு, நிற்கிற ஆளின் தொடைக்கும் இடுப்புக்கும் நேராத்தான் வரும். தொடையும் வயிறும் சேர்கிற அந்த முக்கோணப் பகுதியில், தோலுக்கு ரொம்பக் கீழே இல்லாம, தொடைத் தமனியும் தொடைச் சிரையும் பக்கத்துப் பக்கத்தில் ஓடுது. உங்க கவட்டையில் விரல் வச்சு அழுத்திப் பாருங்க, துடிப்பு தெரியும். அவ்ளோ மேலாக இருக்கு. முழங்காலுக்குப் பக்கத்தில் அடிபட்டால் மேலே இறுக்கிக் கட்டி ரத்தத்தை நிறுத்தலாம். கவட்டையில் அடிபட்டால் கட்ட இடமே கிடையாது. காயத்துக்குள்ளே கையை விட்டு நேரடியா அழுத்தணும், இல்லைன்னா திறந்து குழாயைப் பிடிச்சுக் கட்டணும். வேற வழியில்லை.

அடுத்து, கொம்புக் காயம் கத்திக்குத்து மாதிரி கிடையாது. கத்தி நேரா உள்ளே போய் நேரா வெளியே வரும். கொம்பு உள்ளே போனதும் மாடு தலையை உதறும். ஆள் அந்தக் கொம்பையே அச்சாக வச்சுச் சுழல்வார். அப்போ உள்ளே இருக்கிற நுனி வேற ஒரு திசையில் இன்னொரு சுரங்கம் தோண்டும். வெளியே பார்த்தால் ஒரே ஒரு ஓட்டை, உள்ளே ரெண்டு மூணு பாதை. ஒவ்வொரு பாதையிலும் மண், துணி, சாணி, கிருமி. ஒரு பாதையைக் கவனிக்காம மேலே தைத்துவிட்டால், சில நாளில் உள்ளேயே அழுகி ஆளைக் கொல்லும். அதனால் கொம்புக் காயத்துக்கான விதி ஒண்ணுதான். எத்தனை பாதைன்னு தேடு, எல்லாத்தையும் திற, செத்த தசையை வெட்டி எடு, கழுவு, வடிகால் வை.

இப்போ பாக்கிர்ரி சொன்னதைத் திரும்பப் படிங்க. குறைஞ்சது ரெண்டு பாதை. திறக்க வேண்டியதையெல்லாம் திறங்க.

இந்த விதி அவங்க வீடுகளில் சாப்பாட்டு மேசைப் பேச்சு. விவசாயி வீட்டுக் குழந்தைக்கு மழை மேகம் தெரியிற மாதிரி, இவங்களுக்குக் காயம் தெரியும். இவ்வளவு விலை கொடுத்துத்தான் கத்துக்கிட்டாங்க. பென்சிலினுக்கு முந்தைய காலத்தில், குத்துப்பட்ட அன்று பிழைத்தவரும் அடுத்த வாரம் பிழைப்பார்னு சொல்ல முடியாது. லாஸ் வெந்தாஸ் அரங்கத்துக்கு வெளியே ஒரு சிலை இருக்கு. யாரோ பெரிய மேட்டடார்னு நினைப்பீங்க. இல்லை, பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங். 1964இல் காளைச்சண்டைக்காரர்கள் பணம் போட்டு வச்சது. மேலே டாக்டரின் மார்பளவுச் சிலை, கீழே ஒரு மேட்டடார் தொப்பியைத் தூக்கி அவருக்கு மரியாதை செய்யறார். உலகத்தில் ஒரு நுண்ணுயிரியல் ஆராய்ச்சியாளருக்கு இப்படி ஒரு ரசிகர் மன்றம் வேற எங்கயும் இருக்கும்னு எனக்குத் தோணலை.

பிளெமிங் வருவதற்கு முன் என்ன நடந்ததுன்னு ஒரு சோறு பதம். இக்னாசியோ சான்செஸ் மெஹியாஸ். செவில்யாவில் ஒரு டாக்டரின் மகன். காளைச்சண்டைக் குடும்பத்தில் பெண் எடுத்தவர், மச்சான் புகழ்பெற்ற ஹோசெலீத்தோ. 1920 மே 16இல் தலவேரா ஊரில் ரெண்டு பேரும் சேர்ந்து ஆடியபோது 25 வயது ஹோசெலீத்தோவை மாடு குத்திக் கொன்றது. அந்த மாட்டைக் கொன்று முடித்தவர் சான்செஸ் மெஹியாஸ். 14 வருஷம் கழித்து, 1934 ஆகஸ்டில், மன்சனாரெஸ் என்ற ஊரில் அவருக்கே தொடையில் குத்து. அந்த ஊர் மருத்துவ அறையில் அறுவை சிகிச்சை வேண்டாம், மாட்ரிட்டுக்குக் கொண்டுபோங்கன்னு கேட்டார். ஆம்புலன்ஸ் வரத் தாமதம். மாட்ரிட் போய்ச் சேர்ந்தார், ஆனால் காயத்தில் வாயு அழுகல் நோய் பிடிச்சிடுச்சு. ரெண்டு நாளில் மரணம். கவிஞர் லோர்க்கா எழுதிய மகத்தான இரங்கல் பாடல் இவருக்குத்தான். இலக்கியம் படிக்கிறவங்களுக்கு அது கவிதை. எனக்கு அதில் தெரிவது தாமதமா வந்த ஒரு ஆம்புலன்ஸ்.

அரை நூற்றாண்டு கழித்து, பென்சிலினும் ரத்த வங்கியும் எல்லாம் வந்த பிறகு, போசோபிளாங்கோவில் என்ன ஆச்சு?

பாக்கிர்ரியோடு அன்று ஆடியவங்க ரெண்டு பேர். எல் யீயோ என்கிற ஹோசே குபேரோ, 20 வயசு. எல் சோரோ என்கிற விசெந்தே ரூயிஸ். மூத்தவர் பாக்கிர்ரி, அதனால் முதல் மாடும் நாலாவது மாடும் அவருக்கு. நாலாவது மாட்டின் பெயர் அவிஸ்பாதோ. சூட்டிகையானவன் என்று அர்த்தம். பிரமாண்டமான மாடெல்லாம் இல்லை. ஆட்டத்தின் ஆரம்பக் கட்டம்தான், வாளுக்கு இன்னும் நேரமே வரவில்லை. பெரிய துணியால் மாட்டை இழுத்து பிக்காதோர் முன்னால் நிறுத்துகிற சாதாரண வேலை. ஆயிரம் தடவை செய்தது. மாடு துணியை விட்டுவிட்டு ஆளை எடுத்தது. தொடையில் கொம்பு இறங்கி, கீழே விழாம, அந்தக் கொம்பிலேயே மாட்டி சில நொடிகள் சுமந்துகொண்டு போனது. அவர் மாட்டின் தலையைக் கையால் பிடித்துக்கொண்டு தொங்கினார். அந்த நொடிகளில்தான் உள்ளே அடுத்த சுரங்கம் வெட்டப்பட்டிருக்கும். தொடையின் பெரிய ரத்தக்குழாய்கள் கிழிந்தன.

மருத்துவ அறையில் அவர் அவ்வளவு நிதானமா பேசினாரே, அப்போ நிலைமை மோசமில்லைன்னு தோணும். இங்கேதான் கேஷுவால்டியில் வேலை பார்த்தவங்களுக்கு அடிவயிறு கலங்கும். நல்ல உடற்கட்டுள்ள இளம் ஆட்களின் உடம்பு ஒரு ஏமாற்றுக்காரன். அஞ்சு லிட்டர் ரத்தத்தில் ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் போனாலும், அட்ரினலின் சுரந்து, கை கால் குழாய்களை எல்லாம் சுருக்கி, இதயத்தை வேகமா அடிக்க வைத்து, மூளைக்கு மட்டும் ரத்தத்தைக் குறையாம அனுப்பிக்கிட்டே இருக்கும். ஆள் தெளிவா பேசுவார், நம்மைத் தைரியமா இருக்கச் சொல்வார். பிறகு ஒரு எல்லையைத் தாண்டியதும் படிப்படியா இறங்காது, ஒரேயடியா சரியும். வயசானவங்க மெதுவா மோசமாவாங்க, நமக்கு எச்சரிக்கை கிடைக்கும். தடகள வீரர்கள் எச்சரிக்கை தர மாட்டாங்க.

அந்த ஊர் மருத்துவ அறையில் இருந்த டாக்டர்களுக்கு முன் ரெண்டே வழி. அங்கேயே வயிறு வரை திறந்து குழாய்களைத் தேடி முழு அறுவை சிகிச்சை செய்வது. இல்லைன்னா ரத்தத்தை முடிந்தவரை அடக்கி, அடைத்து, கோர்தோபாவுக்கு அனுப்புவது. அந்தச் சின்ன அறையில் முதல் வழிக்கு வேண்டிய வசதி போதாது. ரெண்டாவது வழியில் நடுவே சுமார் 80 கிலோமீட்டர் மலைப்பாதை. சியரா மொரேனா மலைத்தொடரைச் சுற்றிச் சுற்றி இறங்குகிற அந்தக் காலத்து ரோடு.

அனுப்பினாங்க. கோர்தோபாவின் பெரிய மருத்துவமனையான ரெய்னா சோஃபியாவுக்குத்தான் புறப்பட்டது ஆம்புலன்ஸ். வழியில் நிலைமை மோசமாகி, ஊருக்குள் நுழைந்ததும் முதலில் எட்டிய ராணுவ மருத்துவமனையில் நிறுத்தினாங்க. அங்கே உயிர் பிரிந்தது.

அங்கேயே திறந்திருக்கணும், அனுப்பியிருக்கக் கூடாது என்று ஸ்பெயினில் வருஷக்கணக்கா பேசினாங்க. எனக்கு அந்த டாக்டர்களைக் குறை சொல்ல மனசு வரலை. கையில் ரத்தம் இல்லாம, சரியான மயக்க மருந்து வசதி இல்லாம, தொலைக்காட்சி கேமரா தோளை இடிக்க, நாடே கொண்டாடும் ஒருத்தரின் கவட்டையைத் திறக்கச் சொன்னால் எத்தனை பேர் திறப்பாங்க? தப்பு அந்த நிமிஷத்தில் நடக்கலை. ஆறு மாடுகளையும் மூணு மேட்டடார்களையும் வாத்தியக் குழுவையும் ஏற்பாடு செய்த இடத்தில், ஒரு முழுமையான அறுவை அரங்கை ஏற்பாடு செய்யாம டிக்கெட் விற்றபோதே நடந்துவிட்டது. மாட்டின் கொம்பு தொடையில் ஏறும் என்பது அங்கே யாருக்கும் புதுச் செய்தி இல்லையே.

செவில்யாவில் அவர் சவப்பெட்டியைத் தோளில் தூக்கி மயெஸ்த்ரான்சா அரங்கத்துக்குள் ஒரு சுற்று சுற்றி வந்தாங்க, வெற்றி பெற்ற மேட்டடாரைச் சுற்றுவது மாதிரி. கார்மெனோடான மணவாழ்க்கை முன்பே முறிந்து, 1983இல் பாடகி இசபெல் பந்தோஹாவை அவர் கல்யாணம் செய்திருந்தார். அவங்க மகனுக்கு அப்போ ஏழு மாசம். பத்திரிகைகள் அந்தப் பெண்ணை ஸ்பெயினின் விதவை ஆக்கிவிட்டன. அடுத்த வருஷம் வெளிவந்த அவருடைய பாடல் தொகுப்பு நாடு முழுக்க வீடு வீடா ஒலித்தது. ஒருத்தரின் துக்கம் இவ்வளவு பேருக்குப் பொதுச் சொத்தாகிறது எனக்குக் கொஞ்சம் சங்கடமாத்தான் இருக்கு.

அவிஸ்பாதோவைக் கொன்று முடித்தவர் இளைஞர் எல் யீயோ. 1985 ஆகஸ்ட் 30இல் கொல்மெனார் வியேஹோ ஊரில், வாளைச் சொருகி ஆட்டமே முடிந்துவிட்டது என்ற நிலையில், புர்லேரோ என்ற மாடு அவரைத் தூக்கியது. கொம்பு இதயத்தில். 21 வயசு. மூன்றாமவர் எல் சோரோ 1994இல் முழங்கால் சிதைந்து, வருஷக்கணக்கா ஆபரேஷன் மேல் ஆபரேஷன் செய்துகொண்டு களத்துக்கு வெளியே கிடந்தார். அதனால் போசோபிளாங்கோ நிகழ்ச்சியைச் சாபம் பிடித்த நிகழ்ச்சி என்பாங்க.

சாபமெல்லாம் இல்லைங்க. வருஷம் பூரா கொம்புக்கு முன்னால் நிற்கிற தொழிலில் எந்த மூணு பேரை எடுத்தாலும் இப்படி ஒரு கதை அமையலாம். தலவேராவில் மச்சானின் மாட்டைக் கொன்ற சான்செஸ் மெஹியாஸ் கதையும் இதே அச்சுதான். சாபம்னு சொல்லிட்டா யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை, அது ஒரு வசதி.

ஆனால் பதில் கேட்டவங்களும் இருந்தாங்க. அந்த வீடியோவை நாடே பார்த்துவிட்டதால், அரங்குகளின் மருத்துவ அறைகளைப் பற்றிய பேச்சை அமுக்க முடியவில்லை. மெதுவாத்தான் மாறியது. 1997 அக்டோபரில் வந்த அரசாணை, காளைச்சண்டை நடக்கும் இடத்தில் எப்படிப்பட்ட மருத்துவ வசதி இருக்கணும், யார் யார் இருக்கணும் என்று சட்டமாகவே எழுதியது. நிரந்தர அறை இல்லாத ஊருக்கு நடமாடும் அறுவை அரங்கு. சர்ஜன், மயக்க மருத்துவர், தீவிர சிகிச்சை ஆம்புலன்ஸ் எல்லாம் தயாரா நிற்கணும். கொம்புக் காயத்தையே தனித் துறையாக எடுத்துப் படிக்கும் சர்ஜன்களின் சங்கமும் ஸ்பெயினில் இருக்கு. இதெல்லாம் வந்தும் எல்லாரும் பிழைக்கவில்லை. 2016 ஜூலையில் தெருயெல் ஊரில் விக்தோர் பாரியோவின் நெஞ்சில் இறங்கிய கொம்புக்கு எந்த மருத்துவ அறையும் ஈடுகொடுக்க முடியவில்லை.

இனி மகன்கள். அப்பா இறந்தபோது மூத்தவர் பிரான்சிஸ்கோவுக்கு 10 வயசு, இளையவர் கயேத்தானோவுக்கு 7. அந்த வீடியோவைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இந்தத் தொழில் பக்கமே போக மாட்டாங்கன்னு நாம நினைப்போம். 1995 ஏப்ரல் 23இல் செவில்யாவில் பிரான்சிஸ்கோ ரிவேரா ஓர்தோன்யெஸ் பட்டம் வாங்கினார். அப்பாவின் சவப்பெட்டி சுற்றி வந்த அதே மணல். 2006இல் தம்பி கயேத்தானோவுக்கு ரோந்தாவில் பட்டம், ஞானத்தந்தை அண்ணனே. தாத்தா அந்தோனியோ ஓர்தோன்யெஸின் சாம்பல் அந்த ரோந்தா அரங்கத்து மண்ணுக்கு அடியில்தான் இருக்கு.

அண்ணனுக்கு அப்பா அளவு மதிப்பு கிடைக்கவில்லை. 2009இல் அவருக்கு அரசு நுண்கலைக்கான தங்கப் பதக்கம் அறிவித்தபோது, இவருக்கெல்லாமா என்று ரெண்டு மேட்டடார்கள் தங்கள் பதக்கத்தையே திருப்பிக் கொடுத்தாங்க. ஒருத்தர் ஹோசே தொமாஸ். இன்னொருத்தர், ஞாபகம் வச்சுக்கச் சொன்னேனே, பாக்கோ கமீனோ. அப்பாவுக்குப் பட்டம் கொடுத்த கை, மகனுக்குப் பதக்கம் கூடாதுன்னு சொன்னது.

2015 ஆகஸ்ட் 10. வடக்கே உவெஸ்கா ஊர்த் திருவிழா. பிரான்சிஸ்கோவுக்கு 41 வயசு, அப்பா இறந்த வயதைத் தாண்டியாச்சு. மாடு அடிவயிற்றில் குத்தியது. கொம்பு மேல்நோக்கி சுமார் 25 சென்டிமீட்டர் ஏறியது. தொடை முக்கோணத்தைவிட மோசமான இடம். குடல், பெருநாளங்கள் எல்லாம் இருக்கிற பகுதி. பதறிக்கொண்டு அவரை எந்த ஊருக்கும் அனுப்பவில்லை. அரங்கத்தின் மருத்துவ அறையிலேயே, அங்கே தயாராக இருந்த குழு வயிற்றைத் திறந்து, பாதையைத் தேடி, ரத்தத்தை நிறுத்தி, தைத்து, நிலைப்படுத்திய பிறகே மருத்துவமனைக்கு மாற்றினாங்க. பிழைத்தார். அடுத்த வருஷம் திரும்ப ஆடினார், 2017இல் ஓய்வு பெற்றார்.

அப்பாவைவிட மகனுக்குத் தைரியம் அதிகமா இருந்ததால் பிழைக்கலை. அப்பாவுக்குக் குறைவா இருந்ததும் தைரியம் இல்லை. 1984இல் மேசையில் கிடந்தவர் சொன்னதையெல்லாம் 2015இல் அவர் மகனுக்குச் செய்தாங்க, அவ்ளோதான்.

இன்னும் ஒண்ணு சொல்லி முடிச்சிடறேன். அந்தக் காயம் பட்ட அதே ஆகஸ்டில் அவருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. 2016 ஜனவரியில் அவரே இன்ஸ்டாகிராமில் ஒரு படம் போட்டார். தோட்டத்து ஆடுகளம். ஒரு இளங்கன்றுப் பசுவுக்கு முன்னால் துணியைப் பிடித்து ஆடிக்கொண்டிருக்கார், இன்னொரு கையில் ஐந்து மாசக் குழந்தை. எங்க குடும்பத்தின் ஐந்தாவது தலைமுறை, தாத்தா அப்பாவை இப்படித் தூக்கி ஆடினார், அப்பா என்னைத் தூக்கி ஆடினார் என்ற பொருளில் பெருமையா எழுதியிருந்தார். நாடே கொதித்தது. குழந்தைகள் நலத்துக்காகப் பேசுறவங்க, அரசியல்வாதிகள், சக பெற்றோர் என்று எல்லாரும் திட்டினாங்க. பதிலுக்கு வேற சில காளைச்சண்டைக்காரர்கள் தாங்களும் குழந்தையோடு எடுத்த படங்களைப் போட்டு அவர் பக்கம் நின்றாங்க.

எனக்கு அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் கண் குழந்தை மேல் போகிறதில்லை, பசு மேலும் போகிறதில்லை. அவர் சட்டைக்குள்ளே, அடிவயிற்றில், ஆறு மாசம்கூட ஆகாத தழும்பு இருந்திருக்கும்.